பின்சக்கரப் பக்கம் சத்தமா, சாய்வா, டயர் தேய்வா? சப்ஃபிரேம் உள்ள கார்களுக்குக் குறை வாரியான வழிமுறை

ஸ்கோடா லாரா, யேட்டி, 2009-இல் வந்த சூப்பர்ப், மல்டிலிங்க் பின்பக்கம் கொண்ட ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா ஆகிய வண்டிகளை வைத்து எழுதியது இது. பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் இவற்றின் பின்பக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். பாடியில் நான்கு போல்ட்டில் தொங்கும் ஒரு சப்ஃபிரேம், அதாவது பின்பக்க ஆர்ம்களைத் தாங்கும் இரும்புச் சட்டம். பக்கத்துக்கு, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் நான்கு ஆர்ம்: முன்பக்கம் பாடியோடு சேரும் ட்ரெயிலிங் ஆர்ம், மேல் ஆர்ம், ஸ்பிரிங் உட்காரும் அகலமான கீழ் ஆர்ம், அதற்கு முன்னால் மெலிதான டிராக் ராட். ஷாக்கும் ஸ்பிரிங்கும் தனித்தனி.

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 மாதிரி வண்டிகளில் பின்னால் சப்ஃபிரேமே கிடையாது, ஒரே முறுக்கு பீம்தான். அவற்றுக்கு 1, 3, 5, 6 ஆகிய பகுதிகளின் பெரும்பகுதி பொருந்தும், மற்றவை பொருந்தாது.

வண்டிக்கு அடியில் போகும் முன்

பின்பக்க இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) முறுக்கிக்கொண்டு நிற்கும், அதன் நுனியில் உள்ள லிங்க்கின் ஆட்டம் கைக்குத் தெரியாது. ஸ்டாண்டை சப்ஃபிரேமுக்கு அடியில் வைக்காமல் கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்பில் (சில்) உள்ள ஜாக்கி இடத்தில் வையுங்கள். முன் சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை, கியர் முதலில். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் இன்டர்லாக் டைல்ஸ் என்றால் ஸ்டாண்டின் கால் மெதுவாக அமிழும். 18 மிமீ பிளைவுட் துண்டு ஒன்றைக் கீழே போடுங்கள். ஹாலோ பிளாக்கை ஸ்டாண்டாக வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். அது வளைந்து எச்சரிக்காது, நொறுங்கிவிடும்.

தூக்குவதற்கு முன்பே ஒரு அளவு எடுக்க வேண்டும். வண்டி சமதளத்தில் நான்கு காலில் நிற்கும்போது, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை எத்தனை மிமீ? இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். குறையைக் கண்டுபிடிக்கவும் இது வேண்டும், கடைசியில் போல்ட் இறுக்கவும் இதுவே வேண்டும். வீட்டில் செய்த பின்பக்க வேலை ஆறு மாதத்தில் மறுபடி சத்தம் போடுகிறது என்றால், பெரும்பாலும் இந்த எண் இல்லாமல் இறுக்கியிருப்பார்கள்.

1. சின்னப் பள்ளத்தில் 'டக் டக்', மெதுவாகப் போகும்போது அதிகம்

ஷாக்கை மாற்றச் சொல்லிப் பாதிப் பேர் பணத்தைக் கொட்டுவது இந்தச் சத்தத்துக்குத்தான். ஷாக் கடைசியில் வரட்டும்.

*டிக்கியைக் காலி செய்யுங்கள்.* ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்கிட், பார்சல் டிரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அதே ரோட்டில் ஒரு முறை ஓட்டுங்கள். பின் சீட்டின் முதுகு லாக்கும் இப்படி ஆடும்; லாக் கொக்கியில் துணியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

*பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே அந்தப் பள்ளத்தில் ஏற்றுங்கள்.* சத்தம் நின்றால் பிரேக் பேட் அல்லது அதன் கிளிப். சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

*சைலன்சரைக் கையால் ஆட்டுங்கள், ஆறிய பிறகு.* தொங்கு ரப்பர் வெடித்திருந்தால் சைலன்சர் சப்ஃபிரேமில் இடிக்கும். இடித்த இடத்தில் துரு உரிந்து பளபளப்பாக ஒரு தழும்பு இருக்கும்.

*ஸ்டெபிலைசர் லிங்க்.* சக்கரங்கள் இரண்டும் தொங்கும் நிலையில் லிங்க்கைப் பிடித்து வேகமாக ஆட்டுங்கள். விரலுக்கு 'கிளிக்' தெரிந்தால் போதும், அது போய்விட்டது. சந்தேகம் இருந்தால் இரண்டு லிங்க்கையும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, மெதுவாக, தெருவுக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் லிங்க், அல்லது பாரைப் பிடிக்கும் ரப்பர். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

*ஷாக்கின் மேல் மவுண்ட்.* சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டு லைனரை விலக்கினால் மேல் மவுண்ட்டின் இரண்டு போல்ட் தெரியும். சக்கரத்தைத் திரும்ப மாட்டி வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு, ஒருவர் பம்பரை அமுக்கி விட, இன்னொருவர் மவுண்ட்டின் மேல் விரல் வைத்திருக்க வேண்டும். விரலில் அடி விழுந்தால் மவுண்ட். உள்ளே உள்ள பஞ்சு பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது அடியைத் தாங்குவது) பொடியாகி ஷாக் ராடில் கறுப்பு மாவாக ஒட்டியிருந்தால், பெரிய பள்ளத்தில் கேட்கும் 'டம்' சத்தத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

*ஆர்ம் புஷ்.* ஆர்மின் நுனியில், உள் இரும்புக் குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர்தான் புஷ். ஒரு நீண்ட டயர் லிவரை ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் கொஞ்சம் அசையத்தான் செய்யும், அது இயல்பு. இரும்புக் குழாய் ரப்பரை விட்டுத் தனியாக அசைந்தாலோ, வெடிப்பு ரப்பரின் பாதி ஆழத்தைத் தாண்டினாலோதான் மாற்ற வேண்டும். மேலோட்டமான மயிரிழை வெடிப்பைக் காட்டி ஆர்ம் விற்கப் பார்ப்பார்கள், நம்பாதீர்கள்.

2. கியர் போட்டு எடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒரே ஒரு 'டொங்'

தொடர்ந்து வராமல் திசை மாறும்போது மட்டும் ஒரு முறை வந்தால், ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது.

முதலில் கேலிப்பர் கேரியர் (பிரேக் பேடைப் பிடிக்கும் சட்டம்) போல்ட். இதற்கு 14 அளவில் பன்னிரண்டு முனை ஸ்ப்லைன் பிட் வேண்டும். ஆலன் கீயைத் திணித்துச் சுற்றினால் தலை வழுக்கிவிடும், அதன்பின் அந்தப் போல்ட்டை வெல்டர்தான் எடுக்க வேண்டும். பிட்டைப் போடும் முன் தலைக்குள் இருக்கும் மண்ணைக் குத்தி எடுங்கள்.

அடுத்து ட்ரெயிலிங் ஆர்மின் முன் புஷ். ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, முதல் கியரில் கிளட்சை நூலளவு விட்டு வண்டியை முன்னே இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே, பக்கவாட்டில் நின்று, பின்சக்கரம் மட்கார்டுக்குள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக நகர்ந்தால் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கூடுதலாகப் போனால் அந்தப் பக்கத்துப் புஷ் கிழிந்திருக்கிறது. நெடுஞ்சாலையில் லேன் மாற்றும்போது பின்பக்கம் தானாக ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போல இருந்தாலும் இதே புஷ்தான்.

இந்தப் புஷ்ஷை மாற்றுவதில் இரண்டு பொறி. பாடியில் அது உட்காரும் பிராக்கெட்டின் துளைகளில் கொஞ்சம் இடைவெளி உண்டு. கழற்றும் முன் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் கோடு போடாவிட்டால் சக்கரம் திரும்ப அதே இடத்துக்கு வராது. இரண்டாவது, புஷ்ஷின் ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் குறிப்பிட்ட திசையில்தான் இருக்க வேண்டும். பழையதை அழுத்தி எடுக்கும் முன் ஆர்மில் அதன் நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தி ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ பட்டால் ரப்பர் ஊறிப்போகும். வீட்டில் 12 மிமீ ஹைடென்சைல் ராடும் தடித்த குழாய்த் துண்டுகளும் வைத்து இழுக்கலாம். ராட் வளைய ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, ஆர்மைக் கழற்றி லேத் பட்டறை பிரஸ்ஸுக்குக் கொண்டுபோங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் ஆர்மின் வளையம் முட்டை வடிவமாகும், புதுப் புஷ் அதில் நிற்காது.

இரண்டும் நன்றாக இருந்தால் சப்ஃபிரேம் போல்ட். நான்கு போல்ட்டின் தலையைச் சுற்றியும் பாருங்கள். வாஷர் உரசி வட்டமாகப் பெயின்ட் போயிருந்தாலோ செம்மண் நிறத்தில் பொடி கசிந்திருந்தாலோ சப்ஃபிரேம் நகர்கிறது. வெறுமனே இறுக்கிவிட்டுப் போகக் கூடாது. இவை நீண்டு பிடிக்கும் வகைப் போல்ட். ஒரு முறை தளர்ந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். 90 நியூட்டன் மீட்டர் இறுக்கி, அதன்பின் மேலும் கால் சுற்று.

எங்கே நிறுத்த வேண்டும்: போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பாடிக்குள் இருக்கும் நட் மரை போயிருக்கிறது. போல்ட் இறங்கும் இடத்தைச் சுற்றிப் பாடித் தகட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் சரி. இரண்டுமே நல்ல பாடி வேலைப் பட்டறைக்கான கேஸ்.

3. பின்பக்கம் சாய்ந்திருக்கிறது

நீங்கள் எழுதி வைத்த இரண்டு அளவையும் எடுங்கள். இடது வலது வித்தியாசம் 10 மிமீக்குள் என்றால் முதலில் டயர் காற்றையும் தரையின் மட்டத்தையும் சரிபாருங்கள். அதைத் தாண்டினால் ஸ்பிரிங்.

இந்த அமைப்பில் ஸ்பிரிங் கீழ் ஆர்மின் கிண்ணத்தில் உட்காரும். கிண்ணத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கும். கீழ்ச் சுருளின் நுனி துருவேறி ஒரு நாள் முறியும். முறிந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே கிடப்பதால் மேலிருந்து பார்த்தால் ஸ்பிரிங் முழுசாகத்தான் தெரியும். டார்ச் அடித்து நுனியை விரலால் தடவுங்கள். முடிவு மழமழப்பாக வெட்டியது போல இருக்க வேண்டும். கரகரப்பாக, குத்துவது போல இருந்தால் முறிந்தது. ஸ்பீட் பிரேக்கரில் 'டிங்' என்று கம்பி மீட்டினாற்போல் ஒரு சத்தமும் இதோடு வரும்.

மாற்றும் முறை: கீழ் ஆர்மின் வெளி நுனிக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கி, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சப்ஃபிரேமோடு கட்டி, ஹப் (சக்கரம் மாட்டும் மையப்பகுதி) பக்கத்துப் போல்ட்டை எடுத்துவிட்டு ஜாக்கியை மெதுவாக இறக்குங்கள். ஆர்ம் தாழத் தாழ ஸ்பிரிங் தளரும். உங்கள் முகமும் காலும் ஆர்மின் பாதையில் இருக்கக் கூடாது. ஜாக்கி உருண்டு நகரும் வகையா, நகராமல் நிற்கும் வகையா என்பதைப் பாருங்கள். ஆர்ம் நேராக இறங்காமல் வளைவாக இறங்கும், ஜாக்கி கொஞ்சம் கூடவே நகர வேண்டும்.

புது ஸ்பிரிங் ஜோடியாகத்தான். பழையதில் உள்ள பெயின்ட் கோடுகளின் நிறத்தையும் எண்ணிக்கையையும் துடைத்துப் பார்த்துச் சொன்னால்தான் கடைக்காரர் சரியான கனம் எடுத்துத் தருவார். ஒரே மாடலிலேயே இன்ஜினையும் வசதிகளையும் பொறுத்து ஸ்பிரிங் மாறும். சென்னை ஜி.பி. ரோட்டில் 'எல்லாம் ஒன்றுதான் சார்' என்று ஒருவர் நீட்டினால் அடுத்த கடைக்கு நடங்கள்.

4. டயரின் உள் ஓரம் மட்டும் தேய்கிறது

இந்த வண்டிகளின் பின்சக்கரம் மேற்பக்கம் சற்று உள்ளே சாய்ந்துதான் இருக்கும். இந்தச் சாய்வு, அதாவது கேம்பர், மைனஸ் 1 டிகிரி 20 நிமிட அளவில் வருவது கம்பெனி அமைப்பு. ஆகவே உள் ஓரம் கொஞ்சம் கூடத் தேய்வது குறை அல்ல. கம்பி தெரியும் வரை தேய்ந்தால்தான் குறை.

காரணங்களின் வரிசை: காற்று, அதிகச் சுமை, தவறான டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு), கிழிந்த புஷ், வளைந்த ஆர்ம். இவற்றில் டோதான் அடிக்கடி வருவது. அலைன்மென்ட் கடையில் முன்சக்கரத்தை மட்டும் சரிசெய்து பின்பக்கம் 'அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது' என்பார்கள். உண்டு. மேல் ஆர்மின் உள் போல்ட் எக்சென்ட்ரிக் (மையம் விலகியது, திருப்பினால் ஆர்மை நகர்த்தும்), அது கேம்பருக்கு. கீழ் ஆர்மின் உள் போல்ட்டும் எக்சென்ட்ரிக், அது டோவுக்கு. அவர்கள் சொல்வதன் உண்மைப் பொருள், போல்ட் துருப்பிடித்துச் சிக்கியிருக்கிறது, ராட்செட் போட மனமில்லை என்பதே.

*சிக்கிய எக்சென்ட்ரிக் போல்ட்*

அடையாளம் எளிது. நட்டைத் தளர்த்திவிட்டுப் போல்ட் தலையை ஸ்பேனரால் திருப்புங்கள். கொஞ்சம் திரும்பி, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால், போல்ட் புஷ்ஷின் உள் குழாயோடு துருவால் ஒட்டிவிட்டது. நீங்கள் திருப்புவது ரப்பரைத்தான். இன்னும் நீளமான பைப் போட்டுத் திருகினால் ரப்பர் கிழியும், போல்ட் வராது.

படி ஒன்று: துரு இளக்கும் ஸ்பிரே. டபிள்யூடி-40-இன் சாதா டப்பா இதற்குப் பத்தாது, துரு இளக்குவதற்கென்றே உள்ள வகையாக வாங்குங்கள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, மூன்று நாள். ஒவ்வொரு முறையும் போல்ட்டின் நுனியில் சுத்தியலால் பத்து அடி. நட்டை மரையின் நுனிக்கு ஏற்றி வைத்து அதன் மேல் அடியுங்கள், மரை நசுங்காது.

படி இரண்டு: சூடு. இங்கே எனக்குத் தயக்கம் அதிகம். பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில், அதாவது சப்ஃபிரேமுக்கு நேர் முன்னால் இருக்கிறது. பிரேக் பைப்பும் பக்கத்தில்தான் ஓடுகிறது. சப்ஃபிரேமைக் கீழே இறக்கிய பிறகு சூடு காட்டலாம். வண்டியில் இருக்கும்போது வேண்டாம். அதே காரணத்தால் கிரைண்டரும் வேண்டாம், பொறி பறக்கும்.

படி மூன்று: வெட்டுவது. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடுக்கில், இரு பக்கமும், இரும்பு வெட்டும் பிளேடு போட்ட ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால் வெட்டுங்கள். ஒரு வெட்டுக்குக் குறைந்தது ஒரு பிளேடு போகும், போல்ட் அவ்வளவு கடினம். பிளேடில் ஆயில் விட்டுக்கொண்டே மெதுவான வேகத்தில் அறுத்தால் தாங்கும். வெட்டிய ஆர்மை மறக்க வேண்டியதுதான். புது ஆர்ம், புதுப் போல்ட், புது எக்சென்ட்ரிக் வாஷர், புது நட் நான்கையும் முன்பே வாங்கி வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பியுங்கள். ஞாயிறு மதியம் வண்டியை அறுத்துப்போட்டுவிட்டுத் திறந்த கடை தேடுவது நல்ல அனுபவம் இல்லை.

திரும்பப் போடும்போது போல்ட்டின் வழுவழுப்பான உடலுக்கும் புஷ்ஷின் உள் குழாய்க்கும் மட்டும் ஆன்டிசீஸ் (துருவால் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் களிம்பு) பூசுங்கள். மரையில் பூசாதீர்கள். மரை வழுக்கினால் அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவில்) போல்ட் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

எங்கே நிறுத்த வேண்டும்: எக்சென்ட்ரிக்கை முழுக்கத் திருப்பியும் அளவு வரவில்லையென்றால் ஏதோ வளைந்திருக்கிறது. பள்ளத்தில் அடித்ததா, விபத்தில் இடித்ததா என்பதை அளவுத் தாளோடு சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

5. படகு மாதிரி ஆடுகிறது

பின் பம்பரை மூன்று முறை அமுக்கி விடுங்கள். ஏறி, ஒரு முறை இறங்கி, நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் ஷாக். ஷாக் உடலில் லேசான ஆயில் ஈரம் படிந்திருப்பது குறை அல்ல; தூசி சேறாகி வழிந்திருந்தால்தான் கசிவு. இந்த வண்டிகளில் ஸ்பிரிங்கைத் தொடாமலே ஷாக்கை மாற்றலாம்: மேலே இரண்டு போல்ட், கீழே ஒன்று. கீழ்ப் போல்ட் 180 நியூட்டன் மீட்டர், அதையும் வண்டியின் உயரத்தில் வைத்துத்தான் இறுக்க வேண்டும். புது ஷாக் பெட்டியில் படுத்தே கிடந்திருக்கும். நிமிர்த்தி நான்கைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் முதல் சில நாள் 'டொப் டொப்' என்று வெறும் அடி விழும்.

6. வேகம் கூடக் கூட 'ஊ...' என்று முனகல்

டயரா, பேரிங்கா? ரம்பப் பல் மாதிரித் தேய்ந்த பின் டயர், போன பேரிங்கின் சத்தத்தை அப்படியே தரும். டயரின் மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில். ஒரு திசையில் வழுவழுப்பு, மறு திசையில் கீறல் என்றால் அது டயர். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள்; சத்தமும் முன்னுக்கு வந்துவிடும். மூலக்காரணம் டோ என்பதால் 4-ஆம் பகுதிக்குப் போங்கள்.

பேரிங் என்றால் வளைவில் சுமை ஒரு பக்கம் ஏறும்போது சத்தம் மாறும். சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வரும். ஹப்போடு சேர்ந்த யூனிட்டாகவே கிடைக்கும், பிரஸ் வேண்டாம். ஏபிஎஸ் சென்சாருக்கான காந்த வளையம் அந்த யூனிட்டிலேயே இருப்பதால் சுத்தியலால் தட்டி ஏற்றாதீர்கள். தூசி மூடியைக் கழற்றினால் வளையும், புதிது போடுங்கள். பழையது வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போகும்.

7. சப்ஃபிரேமில் துரு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி வெளியில் நிற்கும் வண்டி, 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயல் மழையிலோ நின்ற வண்டி, இரண்டிலும் சப்ஃபிரேமைக் கட்டாயம் பாருங்கள். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும். உள்ளே பெட்டிக்குள் வண்டல் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

*பரிசோதனை.* வடிகால் துளைகளில் கம்பி விட்டுக் கிளறுங்கள். பொடி மண் வந்தால் பரவாயில்லை. செதில் செதிலாகத் துரு வந்தால் உள்ளிருந்து தின்கிறது. சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டுங்கள். 'கண்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'டொப்' என்றால் அங்கே ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அந்தச் சப்ஃபிரேம் முடிந்தது.

துரு மேலோட்டமாக இருந்தால்: இருந்த இடத்திலேயே பிரஷ் போட்டுப் பெயின்ட் அடிப்பது ஒரு வருட வேலை. சரியாகச் செய்ய இறக்க வேண்டும். இரண்டு பேர், இரண்டு நாள், பெயின்ட் காய இன்னும் ஒரு நாள்.

*இறக்குவது.* நான்கு போல்ட் தலையைச் சுற்றியும், சப்ஃபிரேம் பாடியைத் தொடும் விளிம்பிலும் வெள்ளைக் கோடு போடுங்கள். சைலன்சரின் பின்பகுதியைக் கழற்றுங்கள். ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் ஆகியவற்றின் கிளிப்புகளை விடுவியுங்கள். செனான் ஹெட்லைட் இருந்தால் கீழ் ஆர்மோடு இணைந்த உயர சென்சாரின் கைப்பிடியையும். பிளாஸ்டிக் அது, நெம்பினால் உடையும். ஸ்பிரிங் இரண்டையும் 3-இல் சொன்ன மாதிரி எடுங்கள். மேல் ஆர்ம், டிராக் ராட், ஸ்டெபிலைசர் லிங்க் ஆகியவற்றை ஹப் பக்கம் விடுவித்தால், ட்ரெயிலிங் ஆர்மும் ஹப்பும் பிரேக்கும் பாடியிலேயே தொங்கும், சப்ஃபிரேம் தனியாக இறங்கும். பிரேக் ஹோஸைப் பிரிக்கவே வேண்டாம். ஹப்பை ஒரு கட்டையால் தாங்குங்கள், ஹோஸ் இழுபடக் கூடாது. 4x4 மாடலில் டிஃபரன்ஷியலும் இதே சப்ஃபிரேமில்தான் இருக்கும். கனமும் சிக்கலும் இரண்டு மடங்கு, லிஃப்ட் உள்ள பட்டறையில் செய்யுங்கள்.

*சுத்தம்.* மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர், பின் சோப்புத் தண்ணீர், பின் கம்ப்ரஸ்ஸர் காற்று. துளைகளில் தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசுங்கள். வெயிலில் முழுதாகக் காய்ந்த பின் கப் வடிவ வயர் பிரஷ்.

*பெயின்ட்.* துரு மாற்றி திரவத்தைக் குழிகளில் மட்டும் பூசுங்கள். பெரும்பாலானவற்றில் ஆசிட் இருக்கும். அதன் மிச்சத்தைக் கழுவாமல் மேலே எபாக்ஸி பிரைமர் அடித்தால் தோலாக உரியும். ஹார்டனர் கலக்கும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட், கறுப்பு பாலியூரிதேன் இரண்டு கோட். ஆர்ம்களோடு சேர்த்து ஒவ்வொன்றும் கலந்த பின் அரை லிட்டர் போதும். ஐப்பசி மழையில் அடிக்காதீர்கள். ஈரக் காற்றில் மேற்பரப்பு வெளிறிப்போகும். கடைசியாக உள் பெட்டிக்குள் நீண்ட குழாய் வைத்து கேவிட்டி வேக்ஸ் (உட்புறத் துருவைத் தடுக்கும் மெழுகு), 500 மிலி. வடிகால் துளைகளை வேக்ஸோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் கம்பியால் திறந்துவிடுங்கள்.

பவுடர் கோட்டிங் அழகாக இருக்கும். ஆனால் அந்த அடுப்பு 180 முதல் 200 டிகிரி சூடு. ரப்பர் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. போல்ட் இறுகும் முகங்களையும் எக்சென்ட்ரிக் வாஷர் உட்காரும் முகங்களையும் மறைக்காமல் கோட் செய்து வாங்கினால், அந்தத் தடித்த தோல் சில வாரத்தில் நசுங்கும், போல்ட்டின் இறுக்கம் போகும், 2-ஆம் பகுதியின் 'டொங்' வந்து சேரும். கையால் அடிக்கும் பெயின்ட்டிலும் இந்த முகங்களுக்கு டேப் ஒட்டுங்கள்.

*துளை விழுந்திருந்தால்.* ஆர்ம் போல்ட் ஏறும் காதுகளிலோ நான்கு மூலைகளிலோ வெல்டிங் பட்டி போட்டு ஓட்டுவதை ஒப்புக்கொள்ளவே முடியாது. புதுப்பேட்டையில் பழைய சப்ஃபிரேம் தேடுங்கள். கையோடு டேப் கொண்டுபோய் நான்கு போல்ட் துளைகளின் இரண்டு மூலைவிட்டத்தையும் அளவெடுங்கள். 2 மிமீக்கு மேல் வித்தியாசம் வந்தால் விபத்து வண்டி, வேண்டாம். எக்சென்ட்ரிக் வாஷரைத் தாங்கும் சிறு விளிம்புகள் தேயாமல் கூர்மையாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அவை தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் ஒரு மாதம் கூட நிற்காது.

*ஏற்றுவது.* எல்லாப் போல்ட்டையும் கையால் மரை ஏற்றிய பிறகே ஸ்பேனர். சப்ஃபிரேமின் நான்கு புதுப் போல்ட்டையும் கோடு பார்த்து முதலில் முடியுங்கள். ஆர்ம் போல்ட்கள் சும்மா பிடித்தபடி இருக்கட்டும். ஸ்பிரிங் போட்டு, ஹப்புக்கு அடியில் ஜாக்கி வைத்து, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு வரை முதலில் எழுதி வைத்த அளவு வரும் வரை உயர்த்துங்கள். அந்த நிலையில்தான் ஒவ்வொரு ஆர்ம் போல்ட்டையும் முழு டார்க்குக்கு இறுக்க வேண்டும். புஷ்ஷின் ரப்பர் இரு பக்கமும் ஒட்டியது, சுழலாது. தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி கீழே வந்ததும் ரப்பர் எப்போதும் முறுக்கியபடி நிற்கும், சீக்கிரம் கிழியும். ஆர்ம் போல்ட்களின் டார்க்கும் கோணமும் மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் வண்டியின் மேனுவலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். சக்கரப் போல்ட் 120 நியூட்டன் மீட்டர்.

8. வேலை முடிந்த பிறகு முளைக்கும் குறைகள்

*ஆள் ஏறி இறங்கினால் 'கிறீச்', பின்பக்கம் முன்பைவிட உயரமாக நிற்கிறது.* தொங்கும் நிலையில் இறுக்கியிருக்கிறீர்கள். போல்ட்களைத் தளர்த்தி, உயரத்துக்கு ஏற்றி, மறுபடி. கோணம் வைத்து இறுக்கியவை என்றால் புதுப் போல்ட் செலவும் உண்டு.

*நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது.* முன்பக்கத்தைத் தொடவே இல்லையே என்று குழம்ப வேண்டாம். பின்சக்கரங்கள் ஒரு பக்கமாகப் பார்த்தால் வண்டி நண்டு போல ஓடும், நேராக்க நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பிடிக்கிறீர்கள். வெள்ளைக் கோடுகள் பொருந்தியிருக்கின்றனவா பாருங்கள். நான்கு சக்கர அலைன்மென்ட் எப்படியும் கட்டாயம். பின் கேம்பர், பின் டோ, முன் டோ என்ற வரிசையில் செய்யச் சொல்லி, முன் பின் அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

*ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது அல்லது மூக்கடியில் விழுகிறது.* உயர சென்சாரின் கைப்பிடி மாட்டவில்லை, அல்லது தலைகீழாக மாட்டியிருக்கிறது. சரியாக மாட்டியும் போகவில்லையென்றால் கம்ப்யூட்டர் ஸ்கேனரில் பூஜ்ய நிலை வைக்க வேண்டும்.

*ஏபிஎஸ் விளக்கு.* பத்தில் ஒன்பது தடவை சென்சார் கனெக்டர் முழுக்க உள்ளே போகாமல் இருக்கும்.

சப்ஃபிரேம் போல்ட்களைச் சில நாள் கழித்து 'இன்னும் ஒரு பிடி' இறுக்காதீர்கள். இறுக்கிய அன்றே தலையிலிருந்து சப்ஃபிரேம் வரை மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு உடையாமல் நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை.